பேக்கப் எடுத்தாச்சு, சரி. திறந்து பார்த்தீங்களா?

சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ் போட்டு எழுதுகிற நண்பர்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டால், "எஃப்டிபியில் எல்லாத்தையும் இறக்கி வச்சிருக்கேன்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். இறக்கியதில் தீம் இருக்கும், பிளகின் இருக்கும், ஏற்றிய படங்கள் இருக்கும். எழுதிய கட்டுரை ஒன்றுகூட இருக்காது. கட்டுரைகள், பின்னூட்டங்கள், வாசகர் கணக்குகள், பாதியில் கிடப்பில் போட்ட வரைவுகள் எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த டேட்டாபேஸின் கோப்புகள் கிடக்கும் இடத்துக்குள் நம்மை விடவே மாட்டார்கள். நம் கையில் இருப்பது ஒரு டேட்டாபேஸ் பெயர், ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்ட். இந்த மூன்றையும் காட்டித்தான் உள்ளே இருப்பதை வெளியே வாங்க வேண்டும்.

எளிய வழி பிஎச்பிமைஅட்மின். 1998-ல் தொடங்கிய கருவி, இன்றும் பெரும்பாலான ஹோஸ்டிங் பேனல்களில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் அழுத்தினால் டேபிள் அமைப்பும் தரவும் எஸ்க்யூஎல் கட்டளைகளாக ஒரே உரைக்கோப்பில் வந்துவிடும். சின்னத் தளத்துக்கு இதுவே போதும். ஆனால் யாராவது உட்கார்ந்து அழுத்த வேண்டும். தொடங்கிய புதிதில் வாரம் தவறாமல் அழுத்துவோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனதோடு அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் ஒரு பிஎச்பி ஸ்கிரிப்டைச் சர்வரில் போட்டு, அதன் முகவரியைத் தட்டினால் பேக்கப் உருவாகும்படி செய்து, அந்த முகவரியை ராத்திரியில் க்ரான் என்ற நேரம் குறித்து இயக்கும் வசதி தானாகத் தட்டுமாறு ஏற்பாடு செய்யும் வழக்கம் வந்தது. ஷெல் வசதி கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழிதான், நான் இதற்கு எதிரி இல்லை. இதில் எங்கெங்கே ஏமாறுவோம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஸ்கிரிப்ட். வலையில் தேடினால் அகப்படுபவற்றில் பல மிகப் பழைய வம்சம். உள்ளே மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்று இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அந்த ஃபங்ஷன் குடும்பம் மொத்தமும் 2015 டிசம்பரில் பிஎச்பி 7.0 வந்தபோதே நீக்கப்பட்டது. எரெக்_ரீப்ளேஸுக்கும் அதே கதி. இவை ஓடாமல் நின்றுவிடும் என்பதால் இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஓடுகிற ஸ்கிரிப்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். அதே பழைய தர்க்கத்தைப் புதிய பிஎச்பிக்கு ஒட்டுப்போட்டு யாராவது பரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு மதிப்பையும் ஆட்ஸ்லாஷஸில் போட்டு, மேற்கோள் குறிகளுக்குள் எழுதும். டேபிளில் 'நல்' என்று வெறுமையாக இருந்த இடமெல்லாம் கோப்பில் வெற்றுச் சரமாக மாறிவிடும். திரும்ப ஏற்றும்போது தேதிப் புலம் ஒன்று அந்த வெற்றுச் சரத்தை ஏற்க மறுக்கும். அல்லது ஏற்றுக்கொண்டு தப்பான தேதியைப் போட்டுக்கொள்ளும். வியூ, டிரிக்கர் என்பதெல்லாம் உலகத்தில் இருப்பதே அந்த ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.

உங்கள் ஹோஸ்டிங்கில் பிஎச்பியிலிருந்து வெளிக்கட்டளை இயக்க அனுமதி இருந்தால், ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மைஎஸ்க்யூஎல்டம்ப்பைக் கூப்பிடுவது. அந்த நிரல் இந்த ஒரு வேலைக்காகவே பல ஆண்டுகள் அடிபட்டுத் தேறியது. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள், அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும் அபாயம் உண்டு. தனிக் கோப்பில் எழுதி, நீங்கள் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி போட்டு, அந்தக் கோப்பை மைஎஸ்க்யூஎல்டம்ப்புக்குக் காட்டுங்கள். இன்னொன்று, 2020-ல் வந்த 5.7.31, 8.0.21 பதிப்புகளிலிருந்து 'பிராசஸ்' உரிமை இல்லை என்று அது முரண்டு பிடிக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த உரிமையைக் கேட்டாலும் தர மாட்டார்கள். டேபிள்ஸ்பேஸ் வேண்டாம் என்கிற ஆப்ஷனைச் சேர்த்தால் அடங்கிவிடும்.

வெளிக்கட்டளைக்குத் தடை என்றால் ஸ்கிரிப்ட் தானே ஒவ்வொரு டேபிளாகப் படித்து எழுத வேண்டும். இங்கேதான் நேரப் பிரச்சினை வருகிறது. பிஎச்பி ஒரு ஸ்கிரிப்டுக்கு வழக்கமாகத் தரும் அவகாசம் 30 விநாடி. இதை 300 ஆக்கிவிட்டு, "இன்னும் பாதியில் நிற்கிறதே" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். லினக்ஸில் அந்த 30 விநாடிக் கணக்கில் டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சேராது. ஸ்கிரிப்ட் தானே உழைத்த நேரம் மட்டும்தான் கணக்கு. பல சமயம் வெட்டுவது பிஎச்பி அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் வெப்சர்வர். என்ஜின்எக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் 60 விநாடி பதில் ஏதும் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். பிஎச்பி அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது.

நினைவகம் இன்னொரு முட்டுச்சந்து. வழக்கமான எல்லை 128 எம்பி. முழு டேபிளையும் ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் கோப்பில் கொட்டும் ஸ்கிரிப்ட், தளம் சின்னதாக இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். தளம் வளர்ந்து, இழந்தால் தாங்க முடியாது என்கிற நிலைமைக்கு வரும்போது சரியாகச் செத்துப்போகும். முடிவுகளை மொத்தமாக வாங்காமல், வரி வரியாக வாங்கி, வாங்கும்போதே ஜிஜிப் கோப்பில் எழுதிக்கொண்டு போவதுதான் முறை.

இந்த இரண்டு தடைகளையும் தாண்ட ஒரு தந்திரம் ரொம்ப காலமாக உண்டு. சில ஆயிரம் வரி எழுதியதும் ஸ்கிரிப்ட் தன்னை நிறுத்திக்கொண்டு, விட்ட இடத்தைக் குறித்துவைத்து, பக்கத்தைத் தானே மறுபடி ஏற்றித் தொடரும். மைஎஸ்க்யூஎல்டம்பர் இப்படித்தான் பேக்கப் எடுத்தது, பிக்டம்ப் இப்படித்தான் பெரிய கோப்புகளைத் திரும்ப ஏற்றியது. ஷேர்டு ஹோஸ்டிங் காலத்தின் அசல் புத்திசாலித்தனம் இது என்பேன். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. இன்னோடிபி டேபிள்களை ஒரே கணத்தில் இருந்த நிலையில் படம் பிடித்ததுபோல எடுத்துத் தரும், தளமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே இணைப்பு கடைசிவரை திறந்திருந்தால்தான் இது நடக்கும். பக்கத்தை மறுபடி மறுபடி ஏற்றும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு, ஆகவே ஒவ்வொரு தடவையும் வேறொரு கணம். வலைப்பதிவுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, மிஞ்சிப்போனால் ஒரு பின்னூட்டம் அந்தரத்தில் தொங்கும். புத்தகம் விற்கும் தளம் என்றால் ஆர்டர் டேபிள் ஒரு நேரத்திலும், ஆர்டரில் என்னென்ன புத்தகம் என்ற டேபிள் இன்னொரு நேரத்திலும் எடுக்கப்பட்டிருக்கும். பணம் கட்டியவர் இருப்பார், அவர் வாங்கிய புத்தகம் இருக்காது. கடை நடத்துகிறவர்கள் இந்த முறையைத் தொடாமல் இருப்பது நல்லது.

சரி, கோப்பு வந்துவிட்டது. முழுசாக வந்ததா? மைஎஸ்க்யூஎல்டம்ப் வேலை முடித்ததும் வழக்கமாகக் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு எழுதிவிட்டுத்தான் போகும். அந்த வரி இல்லை என்றால் கோப்பு பாதியில் அறுந்தது. இதைவிட மலிவான சோதனை கிடையாது. உங்கள் ஸ்கிரிப்ட் தானே எழுதும் ரகமென்றால் நீங்களே அப்படி ஒரு முடிவு வரியை எழுதவையுங்கள். அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது, முந்தைய கோப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

இனி நம் சொந்தப் பிரச்சினைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

யூடிஎஃப்-8-ல் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். பழைய தளங்கள் பலவற்றில் டேபிள் 'லத்தீன்1' என்றுதான் அறிவிக்கப்பட்டிருக்கும். அன்றைய வேர்ட்பிரஸும் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் யூடிஎஃப்-8 பைட்டுகளை அதற்குள் தள்ளிவிடும், எடுக்கும்போதும் அப்படியே எடுத்துக் காட்டும். பொய் சொல்லி உள்ளே வைத்து, அதே பொய்யைச் சொல்லி வெளியே எடுத்ததால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. பேக்கப் ஸ்கிரிப்ட் நேர்மையான ஆள். "இது லத்தீன், நான் யூனிகோடுக்கு மாற்றி எழுதுகிறேன்" என்று ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக நினைத்து மாற்றிவிடும். கோப்பைத் திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் மாறிமாறிப் பக்கம் பக்கமாக வரும். இந்தத் தமிழ்க் குறியீடுகள் எல்லாம் ஒரே முதல் பைட்டில் தொடங்கி, இரண்டாவது பைட்டும் இரண்டே மதிப்புகளில் ஒன்றாக இருப்பதால்தான் அந்தக் குப்பைக்கு அப்படி ஓர் ஒழுங்கு. பக்கத்தில் ஒரு துப்பும் கிடைக்கும்: கோப்பின் அளவு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வீங்கியிருக்கும்.

இந்த நிலையிலும் தமிழை மீட்டுவிடலாம், ஏனென்றால் எதுவும் தொலையவில்லை, இரண்டு முறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எந்தக் கருவியால் திருப்புகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 'லத்தீன்1' என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 அட்டவணையைத்தான். அதில் சில இடங்கள் காலியாக விடப்பட்டவை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு வரும் மூன்றாவது பைட் அப்படி ஒரு காலி இடத்தில் விழுகிறது. 'ஏ', 'ஐ' இரண்டும் அப்படித்தான். மைஎஸ்க்யூஎல் அந்தக் காலி இடங்களையும் பத்திரமாகக் கொண்டுபோய்த் திருப்பித் தரும். வெளியில் இருக்கும் சில மாற்றிகள் அங்கே பிழை சொல்லி நிற்கும், அல்லது கேள்விக்குறி போட்டுவிடும். அப்புறம் கட்டுரை முழுக்கப் புள்ளி மட்டும் காணாமல் போயிருக்கும். ஓலைச்சுவடி படிப்பதுபோல ஊகித்துப் படிக்க வேண்டியதுதான். ஆகவே பழைய லத்தீன்1 டேபிள் என்றால் எடுக்கும்போதே 'கேரக்டர் செட் லத்தீன்1' என்று சொல்லி எடுங்கள். பைட் மாறாமல் வரும். கோப்பில் உள்ள அறிவிப்பை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள்.

அந்த 'எம்பி4' முக்கியம். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்றால் எழுத்துக்கு மூன்று பைட்தான் உச்சம். தமிழ் சரியாக மூன்றுக்குள் அடங்கிவிடுவதால் நமக்கு அந்தக் குறை வருடக்கணக்கில் தெரியவே இல்லை. நான்கு பைட் கேட்கும் எமோஜி வந்தபோதுதான் தெரிந்தது. யூடிஎஃப்8எம்பி4 வந்தது 2010-ல். பேக்கப் ஸ்கிரிப்ட் பழைய யூடிஎஃப்8 இணைப்பில் படித்தால் எமோஜி எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். "எமோஜிதானே, போகட்டும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2019-ல் யூனிகோடு 12-ல் மா, காணி, முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் சேர்ந்தன. அவை இருப்பது தமிழின் வழக்கமான தொகுதியில் அல்ல, நான்கு பைட் பகுதியில். கல்வெட்டு, பழைய கணக்கு பற்றி எழுதுகிற தளமென்றால், தப்பான ஒரு இணைப்பு அமைப்பு அவ்வளவையும் கேள்விக்குறியாக்கிவிடும்.

எழுத்து பத்திரமாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு எங்கே கிடக்கிறது?

சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்களை வலையேற்றிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போனில் பேசினார்.

"அண்ணே, பேக்கப் தினமும் ஓடுது. மெயில்கூட வருது."

"கோப்பு எங்கப்பா சேருது?"

"பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள்ள, பேக்கப்னு ஒரு ஃபோல்டர்."

"அப்ப முகவரி தெரிஞ்ச எவனும் எடுத்துக்கலாம்."

"தெரியாதுண்ணே. ரோபாட்ஸ் கோப்புல அந்த ஃபோல்டரைத் தேட வேணாம்னு எழுதிட்டேன்."

ரோபாட்ஸ் கோப்பு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. அதில் எழுதுவது, புதையல் எங்கே என்று வாசலில் எழுதி ஒட்டியது போலத்தான். அது இல்லாவிட்டாலும், பேக்கப், டம்ப், டேட்டாபேஸ் என்று வழக்கமான பெயர்களைப் போட்டு ஊரில் உள்ள தளங்களையெல்லாம் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. உங்கள் சர்வர் லாகைத் திறந்தால் அவற்றின் காலடியைப் பார்க்கலாம். அந்த ஒரு கோப்பில் வாசகர்களின் மின்னஞ்சல், பின்னூட்டமிட்டவர்களின் ஐபி, பாஸ்வேர்ட் ஹாஷ், வெளியிடாத வரைவுகள் எல்லாம் இருக்கின்றன. தளத்தை உடைத்து உள்ளே நுழையும் சிரமமே திருடனுக்கு இல்லை.

பேர்பெற்ற பிளகின்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2020-ல் டூப்ளிகேட்டர் பிளகினில், உள்ளே நுழையாமலேயே சர்வரின் கோப்புகளை இறக்க முடிகிற ஓட்டை வெளியானது. 2022 பிப்ரவரியில் அப்டிராஃப்ட்பிளஸ். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. சாதாரண சந்தாதாரர் கணக்கு வைத்திருக்கும் எவரும் பேக்கப் கோப்பை இறக்கிக்கொள்ளலாம் என்ற நிலை. வேர்ட்பிரஸ் தரப்பே தளங்களில் கட்டாய அப்டேட் தள்ள வேண்டியிருந்தது. ஒற்றைக் கோப்பாக வரும் அட்மினரை நம்மில் பலர் "வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்" என்று ஏற்றிவிட்டு மறந்திருப்போம். அதன் 4.6.2 வரையான பதிப்புகள் வழியாகச் சர்வரின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. அதை வைத்தே பல கடைத் தளங்கள் சூறையாடப்பட்டன.

என் தீர்ப்பு இதுதான்: க்ரான் வசதி இருந்தால் வெப் முகவரியே வேண்டாம். அதே ஸ்கிரிப்டைப் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே, வீட்டு அடைவில் வைத்து, க்ரானில் பிஎச்பியை நேராகக் கூப்பிட்டு ஓட்டுங்கள். வாசல் கிடையாது, பூட்டும் தேவையில்லை. கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கு நேர வரம்பும் இயல்பாகவே இல்லை. மேலே சொன்ன 30 விநாடி, 60 விநாடித் தொல்லைகள் மொத்தமும் கழன்றுபோகும். வெளியிலிருந்துதான் தட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் நீளமான ரகசிய டோக்கன், எச்டிடிபிஎஸ், படிக்க மட்டும் உரிமை கொண்ட தனி டேட்டாபேஸ் பயனர், வெளி அடைவில் சேமிப்பு. எச்டிஅக்செஸ் போட்டுத் தடுத்துவிட்டேன் என்று திருப்திப்படுகிறவர்கள், தங்கள் சர்வர் அப்பாச்சிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைச் சீண்டுவதே இல்லை.

வெளி அடைவு என்றாலும் அதே சர்வர்தானே என்று நீங்கள் கேட்டால், சரியான கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுக்கச் சாம்பல். காசு கொடுத்துப் பேக்கப் சேவை வாங்கிய சிலருக்கும் அது அதே வளாகத்தில்தான் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஜர்னல்ஸ்பேஸ் என்றொரு வலைப்பதிவுச் சேவை இருந்தது. இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவு ஒரே நேரத்தில் எழுதப்படுவதையே பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். தரவு அழிந்தபோது இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்தது. 2009 தொடக்கத்தில் கடையை மூடினார்கள். அதே ஆண்டு மேக்னோலியா என்ற புக்மார்க் தளம் தன் டேட்டாபேஸை இழந்தது. அங்கே கெட்டுப்போன கோப்பையே பேக்கப்பும் விசுவாசமாக நகல் எடுத்து வைத்திருந்தது. ஆகவே ஒரு பிரதி வேறு நிறுவனத்திடமோ, வீட்டு வன்தட்டிலோ இருக்கட்டும். நேற்றையது மட்டுமில்லாமல் போன வாரத்தது, போன மாதத்ததும் இருக்கட்டும்.

"மெயில்கூட வருது" என்றாரே தம்பி, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் நின்றுகொண்டு டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் சேமிப்பிடம் காலி. அவர்கள் போஸ்ட்கிரஸ் 9.6 வைத்திருந்தார்கள், பேக்கப் எடுத்த நிரலோ 9.2 பதிப்பு. ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் புறப்பட்டன. அவற்றை மெயில் சர்வர் சரிபார்ப்பில் தள்ளுபடி செய்துவிட்டது. யாருக்கும் எதுவும் வரவில்லை, வராததால் எல்லாம் நலம் என்று இருந்தார்கள். வேறு காரியத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. மெயில் வந்தால் ஸ்கிரிப்ட் ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். வராவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் சோதனை. உங்கள் கணினியில் எக்ஸாம்ப் என்ற உள்ளூர் சர்வர் தொகுப்பைப் போட்டு, காலி டேட்டாபேஸ் ஒன்றில் கோப்பை ஏற்றுங்கள். சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8, வீட்டில் பழைய மரியாடிபி என்றால் '0900' என்று எண் போட்ட கொலேஷன் தெரியாது என்று நிற்கக்கூடும். அது தளம் விழுந்த ராத்திரியில் தெரிவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிவது எவ்வளவோ மேல். வேர்ட்பிரஸ் தள முகவரியைக் கோப்பில் தேடி மாற்றுகிறவர்கள் சாதாரண எடிட்டரில் செய்யாதீர்கள். தொடராக்கிய தரவில் ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அதன் நீளம் எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து கூடினாலும் விட்ஜெட் எல்லாம் மறைந்துவிடும். அதற்கென்று உள்ள தேடி மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடைசி பேக்கப்பை இறக்கி ஏற்றிப் பாருங்கள். மிகப் பழைய பதிவு ஒன்றையும், நேற்றைய பதிவு ஒன்றையும், எமோஜி உள்ள ஒரு பின்னூட்டத்தையும் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் சந்தோஷம். வராவிட்டால் பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து, மைஎஸ்க்யூஎல் பதிப்பு எண்ணோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.